வருஷங்களின் நடுவிலே: தமிழ்நாட்டின் எழுப்புதலுக்காக ஒரு சபை ஜெபிக்கும் முறை

"ஆண்டவரே, தமிழ்நாட்டைச் சந்தியும்" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். நாற்பது பேர் "ஆமென்" போடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் மாநிலம் முழுக்க ஜெபித்தாயிற்று. அந்த ஜெபத்தில் ஓர் ஊரின் பெயர் இல்லை, ஒரு வருஷம் இல்லை, எவருடைய பாவமும் இல்லை. அதே வார்த்தைகளை வேறு எந்த மாநிலத்தின் பெயரைப் போட்டும் சொல்லிவிடலாம்.

ஆபகூக் அப்படிக் கேட்கவில்லை. "கர்த்தாவே, வருஷங்களின் நடுவிலே உம்முடைய கிரியையை உயிர்ப்பியும்" என்றார் (ஆபகூக் 3:2). எந்த வருஷங்களில் தேவன் என்ன செய்தார் என்பதை மனதில் வைத்திருப்பவர்தான் "அதைத் திரும்பச் செய்யும்" என்று கேட்க முடியும். தமிழ்நாட்டுச் சபைக்கு நினைவில் வைக்க முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட புரோட்டஸ்டண்ட் வரலாறு இருக்கிறது. கத்தோலிக்கரின் வரலாறு அதைவிட மூத்தது. அந்த வரலாற்றில் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியவை பல, மன்னிப்புக் கேட்க வேண்டியவையும் பல.

கீழே உள்ளது 15 முதல் 50 பேர் வரை உள்ள ஒரு சபையோ ஜெபக்குழுவோ, ஒரு இரண்டாம் சனிக்கிழமையில் காலை 10 முதல் மாலை 4 வரை உபவாசத்தோடு ஜெபிப்பதற்கான முறை. அதற்குப் பிறகு 40 நாள் தொடர் ஜெபத்துக்கான வழியும் உண்டு.

முதலில், எதைக் கேட்கிறோம்?

எழுப்புதல் என்றால் உறங்குகிறவரை எழுப்புவது. சங்கீதம் 85:6 சொல்வது "உமது ஜனங்கள்", "எங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ" என்பதுதான். ஜெபத்தின் முதல் இலக்கு கோயிலில் பாயிலும் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கும் நாம். அயலார்மேல் வெற்றி கேட்கும் ஜெபமாக இது மாறிவிட்டால் அடித்தளமே போய்விடும். ஆகவே தெருத் தெருவாக நடந்தபடி ஜெபிக்கும் ஜெப நடை போகும்போது அம்மன் கோவில் வாசலிலோ பள்ளிவாசல் முன்னோ நின்று கை நீட்டி ஜெபிக்காதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1982-ல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தின் வடு ஆறிவிட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். பக்கத்து வீட்டாரின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்லும் வசனம் எரேமியா 29:7. அதை எழுதி ஜெப அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் செய்ய வேண்டியது

சேகர குருவிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். ஐந்து பேரை வேலைக்கு வையுங்கள்: நடத்துபவர், மணி வைத்திருப்பவர், பாட்டு எடுப்பவர், குறிப்பேடு எழுதுபவர், கஞ்சிக்குப் பொறுப்பானவர். நடத்துபவரே பாடவும் மணி பார்க்கவும் இறங்கினால் மதியத்துக்குள் களைத்துவிடுவார். ஐவரும் ஒரே தெருவையோ ஒரே உறவுவட்டத்தையோ சேர்ந்தவர்களாக இருக்க வேண்டாம். ஏன் என்பது பாவ அறிக்கை நேரத்தில் தெரியவரும்.

அடுத்து வரலாற்றைத் திரட்டுங்கள். பெரிய நூலகம் தேவையில்லை. சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, ஆலயத்தின் அஸ்திபாரக் கல், கல்லறைத் தோட்டத்துக் கல்வெட்டுகள், நூற்றாண்டு மலர், இருப்பதிலேயே மூத்த மூன்று பேர் போதும். பெரியவர்களிடம் "அந்தக் காலத்தில் சபை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "அப்பல்லாம் நல்லா இருந்துது" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "தாத்தா, நீங்க சின்னப்பிள்ளையா இருக்கையில கோயில்ல யார் எங்க உட்காருவாங்க? நற்கருணைக்கு யார் முதல்ல போவாங்க? கல்லறைத் தோட்டத்துல யாருக்கு எந்தப் பக்கம்?" இந்த மூன்று கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் உங்கள் ஊர்ச் சபையின் சரித்திரத்தில் பாதி கையில் கிடைத்துவிடும்.

திரட்டியதை அட்டைகளில் எழுதுங்கள். தபால் அட்டை அளவு போதும். ஒரு நாளைக்கு ஐந்து அட்டைதான். ஆறு, ஏழு என்று கூட்டினால் வரலாற்று வகுப்பாகிவிடும், ஜெபம் இருக்காது. ஒவ்வொரு அட்டையிலும் நான்கே வரிகள்: எப்போது எங்கே நடந்தது, தேவன் என்ன செய்தார், நாம் எதில் தவறினோம், இன்றைக்கு என்ன கேட்கிறோம். மாநிலத்தின் கதையிலிருந்து நான்கு, உங்கள் ஊரிலிருந்து ஒன்று. ஊர் அட்டை இல்லாமல் தொடங்காதீர்கள்.

மாநில அட்டைகளுக்கு எடுக்கக்கூடியவை சில. 1706 ஜூலை 9-ல் மிஷனெரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இடையில் சீகன்பால்கை நான்கு மாதம் சிறையில் வைத்தவர் கிறிஸ்தவரான டேனிஷ் ஆளுநர். 1778-ல் பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் என்ற பிராமண விதவை மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். முதலில் கேட்டபோது, ஆங்கில அதிகாரி ஒருவருடன் மணமாகாமல் வாழ்கிறார் என்று மறுக்கப்பட்டவர் அவர். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்த 40 பேரில் முதல் பெயர் அவருடையதே. 1785-ல் அவர் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. 1799-ல் துன்புறுத்தப்பட்ட விசுவாசிகள் சேர்ந்து குடியேறிய ஊருக்கு முதலூர் என்றே பெயர் வைத்தார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. தமிழர் தங்கள் காணிக்கையால் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அங்கே தாமே போன வே. ச. அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இந்தப் பட்டியலில் எதை விட்டாலும் 1860-ஐ விடாதீர்கள். மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1840-ல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பைத் தொடங்கினார். வெளிநாட்டு மிஷன் சங்கச் சம்பளம் வாங்காத ஊழியம் அது. 1858-ல் பஞ்சாபின் லூதியானாவிலிருந்த மிஷனெரிகள் 1860 ஜனவரியில் ஒரு வாரம் உலகமெங்கும் சபைகள் சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்திருந்தார்கள். அந்த ஜனவரி போய் மார்ச்சில், கிறிஸ்தியான்பேட்டையில் ஜனங்கள் பாவ உணர்வால் கதறி அழத் தொடங்கினார்கள். ஆண்களோடு பெண்களும் கூலி வாங்காமல் ஊர் ஊராய்ச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள். பல வருஷம் கழித்து 1905 அக்டோபரில் டோனாவூரில் எழுப்புதல் வந்தபோதும் முதல் அடையாளம் பாவ அறிக்கைதான். கூட்டம் பெருகுவதற்கு முன் கண்ணீர் வந்தது என்பதை அட்டையில் இரண்டாம் வரியாக எழுதுங்கள்.

ஓர் அட்டையை முழுதாக எழுதிக் காட்டுவது நல்லது:

"தஞ்சாவூர், 1741. ராஜநாயக்கன் தஞ்சை மன்னர் படையில் சேவகர். தமிழில் அச்சான வேதத்தை வாசித்து, தரங்கம்பாடி மிஷனைத் தேடி வந்து, பயமில்லாத உபதேசியார் ஆனார். அவரால் பலர் இரட்சிக்கப்பட்டார்கள்.
அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று, அவரை விட்டுவிட்டு தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள்.
ஆண்டவரே, எங்கள் சபையில் யாரை இப்படி ஒதுக்கிவைத்திருக்கிறோம் என்று காட்டும்."

இவ்வளவுதான். வாசிக்க ஒரு நிமிஷம் ஆகாது. மேலும் விளக்கம் சேர்த்தால் பிரசங்கமாகி, ஜெபிக்க வேண்டிய மனம் கேட்க உட்கார்ந்துவிடும்.

எழுதுமுன் ஒவ்வொரு செய்தியையும் கல்லிலோ பதிவேட்டிலோ பொறுப்பான புத்தகத்திலோ பார்த்து உறுதிசெய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த "அந்த ராத்திரி மூவாயிரம் பேர் மனந்திரும்பினார்கள்" வகைச் செய்தியை, மூலம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். தோமா அப்போஸ்தலர் மயிலாப்பூருக்கு வந்ததை "பாரம்பரியமாகச் சொல்லப்படுகிறது" என்றே எழுதுங்கள். மெய்யானவரிடம் பொய்யான புள்ளிவிவரத்தோடு போகக் கூடாது.

அன்றைய நாள்

நெகேமியா 9:3-ல் ஜனங்கள் ஒரு ஜாமம் நியாயப்பிரமாணத்தை வாசித்தார்கள், ஒரு ஜாமம் பாவ அறிக்கைசெய்து பணிந்துகொண்டார்கள். ஒரு ஜாமம் மூன்று மணி நேரம். 10 முதல் 1 வரை முதல் ஜாமம், 1 முதல் 4 வரை இரண்டாவது. இதைவிட நல்ல கால அட்டவணை கிடைக்காது.

10:00-க்கு இரண்டு பாடல். ஒன்று மேனாட்டு மெட்டில் பாடும் பாமாலை, ஒன்று தமிழ் மெட்டில் பாடும் கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் தமிழ் இசையில் கட்டித்தந்த கீர்த்தனைகள் இருக்கும்போது, மாநிலத்துக்காக ஜெபிக்கும் நாளில் அவற்றில் ஒன்றையாவது பாட வேண்டும். இரண்டோடு நிறுத்துங்கள். கீபோர்டு நன்றாகப் போகிறதே என்று மூன்றாவது, நான்காவது எடுத்தால் பதினொன்றே கால் ஆகிவிடும்.

10:20 முதல் 11 மணி வரை வேத வாசிப்பு. நெகேமியா 9 முழுவதும், தானியேல் 9:3-19, சங்கீதம் 106. நெகேமியா 9-ஐ இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாம் முறை வேறு குரலில், மெதுவாக. அந்த அதிகாரமே ஒரு வரலாற்று ஜெபம்தான். படைப்பில் தொடங்கி, ஆபிரகாம் வழியாக, ஜெபிக்கிறவர்களின் சொந்தக் காலம்வரை வந்து, "நீர் இப்படிச் செய்தீர், நாங்கள் இப்படிச் செய்தோம்" என்று மாறி மாறிப் போகிறது. உங்கள் அட்டைகள் அந்த அமைப்பிலேயே எழுதப்பட்டவை என்பதை ஜனங்கள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள்.

11:00 முதல் 12:40 வரை ஐந்து அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிஷம். வாசிக்க ஒரு நிமிஷம், அமைதி நான்கு நிமிஷம், மீதி நேரம் ஸ்தோத்திர ஜெபம். முதல் ஜாமத்தில் ஸ்தோத்திரம் மட்டும். தவறியதைப் பற்றிய வரியை மனதில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். நான்கு நிமிஷ அமைதி புதியவர்களுக்கு நீண்டதாகத் தோன்றும், யாராவது "அல்லேலூயா" என்று உடைக்கப் பார்ப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் தாங்கிக்கொள்வார்கள். 12:40-க்குத் தண்ணீர் குடிக்கவும் காலை நீட்டவும் இருபது நிமிஷம்.

தனி ஜெபத்துக்கு எல்லை வையுங்கள்: ஒருவருக்கு மூன்று நிமிஷம், அதற்கு மேல் போனால் சின்ன மணி. மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம். 1857 செப்டம்பரில் நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் லான்ஃபியர் என்பவர் தொடங்கிய மதிய ஜெபக் கூட்டம் ஆறு பேரோடு ஆரம்பித்துப் பல்லாயிரம் பேராய்ப் பெருகியது. அங்கேயும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாரும் ஜெபிக்கக் கூடாது, சர்ச்சைக்குரிய விஷயம் பேசக் கூடாது என்ற விதி இருந்தது. நீண்ட ஜெபம் செய்கிற பெரியவர் ஒருவர் ஒவ்வொரு சபையிலும் உண்டு. அவரிடமே மணியைக் கொடுத்துவிடுவது ஒரு நல்ல வழி.

பாவ அறிக்கை

1:00 முதல் 2:45 வரை உள்ள இந்தப் பகுதிக்காகத்தான் மற்ற எல்லாம். இதைச் சுருக்கினால் அந்த நாளே ஒரு சாதாரணக் கூட்டமாகிவிடும்.

தமிழ்நாட்டுச் சபைக்கு முன்னால் இருக்கும் முதல் பாவம் சாதி. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட தூசி என்று இதைச் சொல்ல முடியாது. தரங்கம்பாடி நாட்களிலேயே ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1833-ல் கல்கத்தா அத்தியட்சர் (பேராயர்) டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாய் விட்டுவிட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போகத் துணிந்தார்கள். நாம் நேசித்துப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை விடச் சொன்னவர்களை எதிர்த்து எழுதியவர்தான். இதைச் சொல்வதால் அவர் பாடல்களின் அருமை குறையாது. வரம்பெற்றவரும் இதில் இடறினார் என்றால் நாம் எம்மாத்திரம் என்ற பயம் வர வேண்டும். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் இரண்டு சாதிப் பிரிவினர் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரட்டைக் கூடமாக ஆலயம் கட்டினார்கள். நடுவிலிருந்த தடுப்பு 1910-ல்தான் போனது.

சபைக்கு வெளியே, மாநிலத்தின் சரித்திரத்திலும் நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. 1968-ல், நாம் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் பாடிக்கொண்டிருந்த டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்கள் அவர்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அந்தத் தேதியை நினைத்து ஒரு தமிழ்ச் சபை முழங்காலில் நிற்பது மிகவும் பொருத்தமானது.

முறை இதுதான். முதல் 20 நிமிஷம் தனியாக, எழுத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். எழுதுவதை யாரும் பார்க்கமாட்டார்கள், முடிவில் அவரவரே கிழித்துவிடலாம் என்று முன்பே சொல்லுங்கள். அட்டைகளின் "நாம் தவறினோம்" வரிகளை மறுபடி வாசித்துவிட்டு, இந்தக் கேள்விகளை இடைவெளி விட்டுப் படியுங்கள்: என் பிள்ளைக்கு வரன் பார்க்கையில் விசுவாசத்தை முதலில் கேட்டேனா, சாதியை முதலில் கேட்டேனா? வரதட்சணை வாங்கினேனா? கமிட்டித் தேர்தலில் யாருக்கு, எதைப் பார்த்து ஓட்டுப் போட்டேன்? சபைக்குள் யார் வீட்டில் இதுவரை தண்ணீர் குடித்ததில்லை? யார்மேல் போட்ட வழக்கு இன்னும் கோர்ட்டில் நடக்கிறது?

அடுத்த 35 நிமிஷம் மூன்று மூன்று பேராக. ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. கணவன் மனைவியையோ மாமியார் மருமகளையோ ஒரே குழுவில் போடாதீர்கள். முடிந்தவரை வெவ்வேறு தெருக்காரர்களைச் சேருங்கள். சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லட்டும். கேட்டவர் வெளியே சொல்லக் கூடாது என்பதை எல்லோர் முன்னிலும் வாக்காக வாங்குங்கள். யாக்கோபு 5:16 நடைமுறைக்கு வரும் இடம் இது.

மீதி நேரம் சபையாகச் சேர்ந்து, உரத்த குரலில். நெகேமியா "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்றது போல, "நாங்கள்" என்றே தொடங்க வேண்டும். "அவர்கள்" என்ற சொல் வந்தவுடன் நடத்துபவர் மென்மையாக நிறுத்த வேண்டும். உயிரோடு இருக்கும் எவருடைய பெயரும் சொல்லப்படக் கூடாது. அறிக்கை முடிந்ததும் 1 யோவான் 1:9-ஐ ஒருவர் நின்று வாசிக்கட்டும். மன்னிப்பின் வசனம் கேட்காமல் ஜனங்களை எழுப்பிவிடாதீர்கள், குற்ற உணர்வோடு வீட்டுக்கு அனுப்புவது கொடுமை.

இங்கே இரண்டு இடத்தில் வழி தவறும். முன்னோர் சாபம், ஊர்ச் சாபம் என்று சொல்லி எண்ணெய் ஊற்றி, உப்புத் தெளித்து, கத்தி முறிப்பதில் இறங்கிவிட்டால் எவரும் எதையும் விட வேண்டியதில்லை என்றாகிவிடும். சாபத்தை முறித்ததாகச் சொல்லிக்கொண்டு தனிக் கல்லறைத் தோட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் அல்லவா? இன்னொன்று, அறிக்கை செய்ததோடு நிறுத்திவிடுவது. மத்தேயு 5:23-24 பலிபீடத்தண்டையில் காணிக்கையை விட்டுவிட்டுப் போய் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது. எனவே ஒவ்வொருவரும் தங்கள் தாளைக் கிழிக்கும் முன், ஏழு நாளுக்குள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை வேறொரு துண்டுத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளட்டும்: போக வேண்டிய ஒரு வீடு, திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு தொகை, வாபஸ் வாங்க வேண்டிய ஒரு மனு.

2:45 முதல் 3:30 வரை மாநிலத்துக்காக விண்ணப்பம். அதிகாரிகளுக்காக 1 தீமோத்தேயு 2:1-2 சொல்கிறபடி ஜெபியுங்கள். எந்தக் கட்சி என்று பாராமல் முதலமைச்சர், உங்கள் சட்டமன்ற உறுப்பினர், கலெக்டர், காவல் ஆய்வாளர், ஊராட்சித் தலைவர் என்று பதவி வரிசையில் போனால் மேடைப் பேச்சாகாது. 3:30-க்கு ஸ்தோத்திரமும் ஒப்புக்கொடுத்தலும். 4 மணிக்கு முடித்துவிடுங்கள், "ஆவியானவர் அசைவாடுகிறார்" என்று 5:30 வரை இழுக்காதீர்கள். உபவாசம் இருக்கிற வயதானவர்களுக்கு அது ஆபத்து.

உபவாசமும் கஞ்சியும்

காலை உணவும் மதிய உணவும் விடுவதுதான் உபவாசம். தண்ணீரை விடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறு பிள்ளைகள் சாப்பிட்டே வரட்டும். அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாரும் நினைக்காதபடி நடத்துபவரே முதலில் அறிவித்துவிடுவது நல்லது. டீ, காபிக்குப் பழகியவர்களுக்கு 12 மணிவாக்கில் தலைவலி வரும். இரண்டு நாள் முன்பிருந்தே அளவைக் குறைத்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

4 மணிக்கு உபவாசத்தை முடிக்கும் கஞ்சி, 40 பேருக்கு: பச்சரிசி நொய் இரண்டரைக் கிலோ, சிறுபருப்பு அரைக் கிலோ, வெந்தயம் மூன்று மேஜைக் கரண்டி, பூண்டு 200 கிராம், தேங்காய் நான்கு, தண்ணீர் 22 லிட்டர். 2:30-க்கு அடுப்பு மூட்டினால் 4 மணிக்குக் குழைந்திருக்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள். துவையல் போதும். வெறும் வயிற்றில் பிரியாணியும் எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம்.

தென் மாவட்டச் சபைகளுக்கு அசனம் என்ற சபை விருந்து புதிதல்ல. ஒரே பந்தியில் எல்லோரும் உட்காருவதுதான் அதன் அழகு. இந்தக் கஞ்சிக்கும் பாய் விரித்து ஒரே பந்தி போடுங்கள். மூன்று பேர் குழுவில் யார் யாரோடு இருந்தார்களோ அவர்களே பக்கத்தில் உட்காரட்டும். பரிமாறுவது கமிட்டி அங்கத்தினர்கள். பாத்திரம் கழுவுவதும் அவர்கள்தான். எப்போதும் சமைக்கிற, எப்போதும் கழுவுகிற கைகளுக்கு அன்று ஓய்வு.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

மைக். 20 பேர் கூடும் அறைக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. இதே முறையை முழு இரவு ஜெபமாக வைத்தால் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டமே தடை. அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறதே என்ற நினைவு சட்டத்துக்கு முன்பே வர வேண்டும்.

ஜெபக்குறிப்பு வம்பாவது. "அந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்போம், அங்கே என்ன நடக்குதுன்னா..." என்று ஆரம்பித்தால் மணியை அடித்துவிடலாம்.

தீர்க்கதரிசனம். 1860-லும் அதற்குப் பின் திருவிதாங்கூரிலும் எழுப்புதலோடு வெளிப்பாடுகளும் வந்தன. திருவிதாங்கூரில் 1870களில் எழுந்த இயக்கம் ஒன்று, 1881-ல் கர்த்தர் வருவார் என்று வருஷமே குறித்தது. அந்த வருஷம் வந்து போயிற்று, நம்பியவர்கள் உடைந்துபோனார்கள். ஆகவே தேதி சொல்லும் வாக்கு, ஆளைப் பெயர் சொல்லிக் குற்றப்படுத்தும் வாக்கு, கல்யாணம் நிச்சயிக்கும் வாக்கு மூன்றையும் கூட்டத்தில் சொல்ல அனுமதிக்காதீர்கள். மற்றதை எழுதி மூப்பரிடம் கொடுக்கச் சொல்லி, வேதத்தோடு ஒத்துப்பாருங்கள்.

உணர்ச்சி. அழுகை வந்தால் தடுக்காதீர்கள், வராவிட்டால் வரவழைக்கப் பார்க்காதீர்கள். மெல்லிய இசையைப் பின்னால் ஓடவிடுவதும் ஒரு வகை வரவழைத்தல்தான்.

40 நாள் தொடர் ஜெபம்

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். ஈஸ்டருக்கு முந்திய உபவாச நாட்களான லெந்து காலம், ஞாயிறுகளைக் கழித்தால், சாம்பற்புதன் முதல் 40 நாள். முதல் நாள் அவரவர் வீட்டுக்கு, கடைசி நாள் ஸ்தோத்திரத்துக்கு, நடுவில் நாளுக்கு ஒரு மாவட்டம். வீட்டில் குடும்ப ஜெபத்தோடு பத்து நிமிஷம் போதும்.

மாவட்டங்களை அகர வரிசையில் எடுக்காமல் கதை வரிசையில் எடுங்கள். 2020 டிசம்பரில் கடைசியாக உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில்தான் தரங்கம்பாடி இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். பிறகு தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் என்று சுவிசேஷம் நடந்த பாதையிலேயே போகலாம். கன்னியாகுமரிக்கு வரும்போது 1806-ல் தென் திருவிதாங்கூருக்கு வந்த மிஷனெரி ரிங்கல்தௌபேயையும், அவரை அழைத்த மயிலாடி ஊர் விசுவாசி வேதமாணிக்கத்தையும் நினைவுகூருங்கள். அங்கே தோள்சீலை உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டதையும், 1859-ல்தான் மேலாடை அணிய அரசாணை கிடைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி நம் மாநிலத்திலேயே இல்லை என்பதைப் பிள்ளைகள் ஆச்சரியத்தோடு கேட்பார்கள்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள்: நன்றி சொல்ல ஒன்று, துக்கப்பட ஒன்று, கேட்க ஒன்று. வேலூருக்கு, 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணிக்காக நன்றி. நாகப்பட்டினத்துக்கு, கீழ்வெண்மணியோடு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பிள்ளைகளை இழந்த கரையோர ஊர்கள். கள்ளக்குறிச்சிக்கு, 2024 ஜூனில் விஷச்சாராயம் விதவைகளாக்கிய வீடுகள். விருதுநகருக்கு, கிறிஸ்தியான்பேட்டைக்கு நன்றி சொல்லும் கையோடு பட்டாசு ஆலைகளில் கருகுகிற கூலிக்காரர்கள். சபை மெலிந்திருக்கும் மாவட்டங்களுக்கு, அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள்.

குறிப்பேடு

240 பக்க நோட்டு ஒன்று. பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: தேதி, கேட்டது, நடந்தது. "கேட்டது" பகுதியில் ஒரு வருஷத்துக்குள் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக எழுத வேண்டும். "எழுப்புதல் வேண்டும்" என்றெழுதினால் நடந்ததா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. "கல்லறைத் தோட்டத்து நடுச்சுவர் போக வேண்டும்", "ஐந்து வருஷமாக நடக்கும் சபை வழக்கு சமாதானமாக வேண்டும்", "நம் சபையிலிருந்து ஒருவர் முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும்", "கீழத்தெருக்காரர் ஒருவர் கமிட்டியில் வர வேண்டும்" என்றெழுதுங்கள். "நடந்தது" பகுதி காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும், மனதைத் தேற்ற எதையாவது எழுதி நிரப்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமை, நோட்டை முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்துவிட்டு, காலியாக இருக்கும் வரிகளிலிருந்து அடுத்த ஜெபத்தை ஆரம்பியுங்கள்.